ஏவிஆர்ல சொருகணுமா, வீடியோ ப்ராசஸர்ல நேரா சொருகணுமா?

வீடியோ ப்ராசஸர், அதாவது டிவிக்கோ ப்ரொஜெக்டருக்கோ போற படத்த சீராக்கித் தர்ற பெட்டி, வாங்கினதும் முதல்ல வர்ற குழப்பம் இதுதான். எல்லா பாக்ஸையும் பழையபடி ஏவிஆர்லயே (ஸ்பீக்கர்கள ஓட்டுற ரிசீவர்) விட்டுட்டு அங்கிருந்து ஒரே ஒரு எச்டிஎம்ஐ கேபிள ப்ராசஸருக்கு இழுக்கலாமா, இல்ல ப்ளூரே ப்ளேயர், டிடிஎச் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் பாக்ஸ், பிசினு ஒவ்வொண்ணையும் ப்ராசஸரோட தனித்தனி இன்புட்ல சொருகிட்டு சவுண்ட மட்டும் ரெண்டாவது அவுட்புட் வழியா ஏவிஆருக்கு விடலாமா. என்கிட்ட இருக்கிறது லூமாஜன் ரேடியன்ஸ் ப்ரோங்கிற ப்ராசஸர். ரெண்டு விதமாவும் ஓட்டிப் பார்த்துட்டு இப்போ நேரா சொருகுறதுலதான் நிக்கிறேன், அதனால என் சாய்வு எந்தப் பக்கம்னு இப்பவே சொல்லிடுறேன்.

ஏவிஆர் வழி சுலபம், அத மறுக்க முடியாது. இருக்கிற வயரிங்க கலைக்க வேண்டாம், வீட்ல இருக்கிறவங்களுக்குப் பழகின ரிமோட், வால்யூம் ஏத்தினா ஸ்க்ரீன்ல தெரியும். சவுண்ட் விஷயத்துல இதுதான் முன்னாடி நிக்குது, ஏன்னா ஏவிஆருக்கு எந்த பாக்ஸ் ஓடுதுன்னு தெரியும், ஒவ்வொண்ணுக்கும் தனி டிலே (உதட்டசைவோட சவுண்ட ஒத்துப்போக வைக்கிறது), தனி லெவல் வச்சுக்கலாம். நேரா சொருகினா ஏவிஆருக்கு வர்றது ஒரே லைன், அந்த வசதி போயிடும்.

ஆனா படத்துக்குன்னுதானே இவ்வளவு காசு போட்டு ப்ராசஸர் வாங்குறோம், அங்க வந்து பாருங்க. ஏவிஆர் வழியா போனா ப்ராசஸர் கண்ணுக்கு எல்லாமே ஒரே இன்புட். ரெசல்யூஷன் மாறினா தானா வேற செட்டிங் எடுக்கும், அதனால 576 இன்டர்லேஸ்ல (ஒரு ஃபிரேம ரெண்டு பாதியா அனுப்புறது) வர்ற பழைய டிவிடியும் 4கே டிஸ்க்கும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காது. சிக்கல் எங்கன்னா, ஸ்ட்ரீமிங் பாக்ஸும் 1080பி, பிசியும் 1080பினு வரும்போது. பாக்ஸ் அனுப்புறது 16 (கறுப்பு) முதல் 235 (வெள்ளை) வரைக்குமான வீடியோ ரேஞ்ச், பிசி பெரும்பாலும் 0 முதல் 255. ப்ராசஸர் 16ல கறுப்புன்னு எதிர்பார்த்துட்டு இருக்கும்போது பிசி சிக்னல் வந்தா ராத்திரி சீன்ல தலைமுடியும் கறுப்புச் சட்டையும் ஒரே கறுப்பா அப்பிக்கும், மாறி நடந்தா கறுப்பு வெளுத்து சாம்பலா நிக்கும். எந்த ரேஞ்ச்னு சிக்னல்லயே குறிப்பு வரணும்தான், ஆனா எல்லா பாக்ஸும் அத ஒழுங்கா அனுப்புறதில்ல. ஒரே இன்புட்ல ஏ, பி, சி, டினு செட்டிங்க சேமிச்சு வைக்க நாலு மெமரி இருக்கு, ஆனா பாக்ஸ் மாத்துற ஒவ்வொரு தடவையும் ரிமோட்ல மெமரியையும் ஞாபகமா மாத்தணும், இல்லன்னா ஒரே பட்டன்ல எல்லாம் நடக்குற ரிமோட்டுக்குத் தனியா செலவு பண்ணணும். நம்ம வீட்ல இல்லாதப்ப யார் மாத்துவாங்க?

தனி இன்புட்னா இந்தத் தலைவலியே இல்ல. ரேஞ்ச், பிரைட்னஸ், கலர் எல்லாம் அந்தந்த இன்புட்டோட ஒட்டிக்கும், ஒரு தடவை உட்கார்ந்து வச்சுட்டா போதும். அதுக்கப்புறம் நாலு மெமரியும் உருப்படியான வேலைக்கு மிச்சமாகுது. டிடிஎச் 1080 இன்டர்லேஸ் 50 ஹெர்ட்ஸ்ல வருது, அதுல சினிமாப் படம் ஓடும்போது ரெண்டு பாதியையும் அப்படியே ஒட்டுற ஃபிலிம் மோட் நல்லது, கிரிக்கெட்டுக்கு வீடியோ மோட் வேணும், இல்லன்னா பேட்ட வீசும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி பிரியும். ஆட்டோவே பெரும்பாலும் சமாளிச்சிடும், சமாளிக்காத சேனலுக்கு ஏ படம், பி கிரிக்கெட்னு வச்சுக்கலாம்.

ஈடிஐடியும் (என்னென்ன சிக்னல் வாங்க முடியும்னு பாக்ஸுக்குச் சொல்ற குறிப்பு) இன்புட் வாரியா மாத்தலாம்ங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். சாதாரண சீரியலக்கூட எச்டிஆரா (வெளிச்ச வித்தியாசம் கூடின படம்) மாத்தி அனுப்புற பாக்ஸ் இருந்தா அந்த இன்புட்ல மட்டும் எச்டிஆர் கிடையாதுன்னு சொல்லி வச்சிடலாம், ப்ளூரே ப்ளேயருக்கு எதுவும் ஆகாது. ஏவிஆர் நடுவுல இருந்தா அது தன்னோடதையும் கலந்துதான் பாக்ஸுக்குக் காட்டும், எது யார் சொன்னதுன்னு கண்டுபிடிக்கவே நேரம் போகும்.

ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஏவிஆர முதல்ல ஆன் பண்ணுங்க, அது தூங்கிட்டு இருக்கும்போது பாக்ஸ் எழுந்தா ஸ்டீரியோ மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு அட்மாஸ்ங்கிற சரவுண்ட் சவுண்ட அனுப்பாம விட வாய்ப்பிருக்கு. அப்புறம் மெனுவுல எது மாத்தினாலும் சேவ் கொடுக்கணும், கொடுக்காம விட்டா கரண்ட் போய் வந்ததும் பழைய செட்டிங்தான் இருக்கும்.

கேம் கன்சோலுக்கு மட்டும் நான் இத சொல்லமாட்டேன். ரேடியன்ஸ் ப்ரோ செகண்டுக்கு 18 ஜிகாபிட் வரைக்கும்தான், 4கேல 120 ஹெர்ட்ஸ் அதுல போகாது, ப்ராசஸிங் டிலேயும் சேரும். எவ்வளவு உறுத்தும்னு தினமும் ஆடுறவங்களக் கேட்கிறதுதான் நல்லது, நான் எப்பவாவதுதான் ஆடுவேன். 120 ஹெர்ட்ஸ் டிவி இருந்தா கன்சோல நேரா அதுலயே சொருகிட்டு சவுண்ட இஆர்க் (டிவியில இருந்து எச்டிஎம்ஐ கேபிள்லயே சவுண்ட திருப்பி அனுப்புற வசதி) வழியா ஏவிஆருக்கு எடுத்துக்கோங்க.