மன்னார்குடியில் உட்கார்ந்து பகுதிநேரமாக நிரல் எழுதுவது: சில வருட அனுபவம்

முழுநேர ஐடி வேலையை விட்டு மன்னார்குடிக்கே வந்துவிட்டேன். காலையில் வயல், மதியத்துக்கு மேல் லேப்டாப். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு என் அனுபவம் உதவலாம்.

உள்ளூரில் வேலை இருக்கிறது, காசுதான் தாமதம். ஒரு அரிசி ஆலைக்கு பில்லிங் மென்பொருள் செய்து கொடுத்தேன். பணம் கேட்கும்போதெல்லாம் "அறுவடை முடியட்டும் தம்பி" என்பார் முதலாளி. குறுவை போய் சம்பாவும் வந்துவிட்டது. தஞ்சாவூரில் 2024-ல் டைடல் நியோ என்ற ஐடி பூங்கா திறந்தார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் நான் விசாரித்த இடங்களில் தினமும் வந்துபோகும் ஆளைத்தான் தேடினார்கள்.

ஆகவே வெளிநாட்டு வேலைதான். அதைப் பிடிக்க ஃபைவர், அப்வொர்க் போன்ற இணையத் தளங்கள் உண்டு, அவை கட்டணம் பிடித்துக்கொள்ளும். ஃபைவரில் நம் வருமானத்தில் 20% போய்விடும். அப்வொர்க்கில் 2023 முதல் எல்லோருக்கும் 10% என்று இருந்த கட்டணம், 2025 மே மாதத்திலிருந்து ஒப்பந்தத்தைப் பொறுத்து 15% வரை போகிறது. அங்கே விண்ணப்பிக்கவே 'கனெக்ட்ஸ்' என்ற டோக்கன்களை வாங்க வேண்டும், ஒன்று 15 சென்ட். ஒரு விண்ணப்பத்துக்குப் பல கனெக்ட்ஸ் கேட்பதால், கண்ணில் பட்டதற்கெல்லாம் போட்டால் கை கடிக்கும்.

"முழு ஆப் செய்து தர வேண்டும்" என்ற அறிவிப்புகளை நான் தொடுவதே இல்லை. அங்கே பெரிய குழுக்கள் விலையை அடித்து இறக்கிவிடும். பகுதிநேர ஆளுக்கு ஏற்றது பழுதுபார்ப்பு. இணையதளங்களை எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியின் 7.4 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. அந்தப் பதிப்பில் ஓடும், வேர்ட்பிரஸ், லாராவெல் போன்ற பிஎச்பி மென்பொருள்களில் கட்டிய பழைய தளங்கள் இன்னும் ஏராளம். அதை எட்டாம் பதிப்புக்கு மாற்றும் வேலை சிறியது, எல்லை தெளிவானது, பெரிதாகப் போட்டியும் இல்லை. முக்கியமாக, மாற்றிக் கொடுத்தவரைத்தான் அடுத்த கோளாறுக்கும் கூப்பிடுவார்கள். எனக்கு நிலைத்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் இப்படி வந்தவர்களே. விண்ணப்பத்தில் சுயபுராணம் வேண்டாம். அவர்கள் தளத்தைத் திறந்து பார்த்து, எது உடைந்திருக்கிறது, எப்படிச் சரிசெய்வீர்கள் என்று நாலு வரி எழுதினால் போதும்.

நேரத்தைப் பொறுத்தவரை ஐரோப்பாதான் என் தேர்வு. ஜெர்மனியில் காலை ஒன்பது என்றால் நமக்குக் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. வயல் வேலையை முடித்து, சாப்பிட்டுவிட்டு உட்காரலாம். நியூயார்க்காரர்களுக்கு நம் மாலை 6.30-க்குத்தான் காலை ஒன்பது ஆகிறது, குளிரில் அதுவும் 7.30 ஆகிவிடும். ராத்திரி பத்து மணிக்கு மீட்டிங் வைப்பார்கள். வீட்டில் யாருக்கும் பிடிக்காது.

மாதாந்திர பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே தெரிந்துவிடும், ரவுட்டருக்கும் சேர்த்து இன்வெர்ட்டர் போட்டால் சமாளிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அப்படியில்லை. 2018-ல் கஜா புயல் அடித்தபோது டெல்டா கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்த இரண்டு மாதங்களில் அவசரக் கெடு உள்ள வேலையை எடுப்பதில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் அன்றே வாடிக்கையாளருக்கு எழுதிவிட்டு, நிரலையெல்லாம் இணையத்தில் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஏற்றிவிடுவேன். இதுவரை யாரும் முகம் சுளிக்கவில்லை.

அப்வொர்க்கில் மணிக்கணக்கு வேலை என்றால் வாரம் முடிந்து சுமார் பத்து நாள் கழித்துத்தான் பணத்தை எடுக்க முடியும், அதை வைத்து வீட்டுச் செலவைத் திட்டமிடுங்கள். வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்றை ஒவ்வொரு முறையும் வாங்கி வையுங்கள். வருமான வரியில் வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் வழி (1961 சட்டத்தில் 44ஏடிஏ பிரிவு) உங்களுக்குப் பொருந்துமா என்று ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். நான் போன ஆடிட்டர் மன்னார்குடிக்காரர்தான், இந்தச் சான்றைத்தான் முதலில் கேட்டார்.