ஷூ பெட்டியில் கன்னடம்: 2 வருஷம் கழித்து

போன வாரம் பெட்டியின் மூன்றாவது தடுப்பு பிய்ந்துவிட்டது. பிரவுன் டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது நண்பர் கேட்டார்: “பொண்ணு குரூப் 4க்குப் படிக்குதுங்க. இது மாதிரி ஒண்ணு செஞ்சு குடுக்கலாமா?” அன்றைக்கு இருந்த கடுப்பில் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இந்த மனப்பாட அட்டை முறை பலருக்கும் தெரிந்ததுதான். அட்டையின் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் அர்த்தம். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், மறந்தது முதல் அறைக்கே திரும்பும். செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் 1972இல் எழுதிப் பரப்பியது. என்னுடையது 5 அறை வைத்த ஷூ பெட்டி. பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். கர்நாடக வியாபாரிகள் போனில் கன்னடம்தான் பேசுவார்கள், அதனால் இந்தப் பாடு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது மாதம், முதல் அறையை விட்டு நகராமல் அடம்பிடித்த அட்டைகளைப் பாயில் வரிசையாகப் பரப்பினேன். ஹாலு, ஹல்லு, ஹத்து, ஹாவு, ஹுலி. பால், பல், பத்து, பாம்பு, புலி! நம்ம ‘ப’ அங்கே ‘ஹ’. அப்புறம் அந்த அட்டைகளே தேவைப்படவில்லை. நம்ம தர்மபுரி மாவட்டத்திலேயே நல்லம்பள்ளியும் இருக்கிறது, மாரண்டஅள்ளியும் இருக்கிறது. பள்ளிதான் ஹள்ளி, அள்ளி. பஸ் போர்டில் இத்தனை வருஷம் படித்தும் உறைக்கவில்லை. (‘வா’ அங்கே ‘பா’ ஆவது தனிக் கதை.)

இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். எப்பத்து என்றால் 70, எம்பத்து என்றால் 80. இரண்டு அட்டையும் பல மாதமாக ஐந்தாவது அறையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. போன திங்கட்கிழமை போனில் “எப்பத்து” என்றார்கள். பின்னால் ஏலச் சத்தம், லாரி ஹாரன். நான் 80 என்று எழுதினேன். 10 கிரேட் தக்காளி கூடுதலாக ஏறி ராயக்கோட்டை தாண்டிப் போய்விட்டது. முதலாளி திட்டவில்லை, கணக்கு நோட்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திட்டியிருக்கலாம்.

பெட்டியைக் கேட்டால் எனக்குத் தெரியும் என்கிறது! நியாயமாகப் பார்த்தால் தப்பு என்னுடையது. 2 வருஷமாகக் கண்ணைத்தான் பழக்கினேன், காதுக்கு ஒரு நாள்கூட வேலை கொடுக்கவில்லை. இப்போது டீ நேரத்தில் ஆனேக்கல் வண்டி டிரைவர் அண்ணன் எண்களைத் தாறுமாறாகச் சொல்வார், நான் எழுதுவேன். வாயில் பன்னை வைத்துக்கொண்டு சொல்லும்போதுதான் நல்ல பயிற்சி. இந்த 5 நாளில் இரண்டு தடவைதான் மாற்றி எழுதினேன்.

சரி, பொண்ணுக்குச் செய்து கொடுக்கலாமா? தாராளமாக. பரீட்சை ஹாலில் கேள்வி கண்ணெதிரே அச்சில் இருக்கும், லாரி ஹாரன் அடிக்காது. ஆனால் பெட்டிக்கு என்னிடம் மார்க் கேட்டால் இன்றைக்கு 5க்கு 2தான். டேப் ஒட்டிய பெட்டி மறுபடி மேஜைக்கு வந்துவிட்டது. எப்பத்தும் எம்பத்தும் முதல் அறையில்.