மார்க் பள்ளியா, மனசுக்குப் பிடித்த பள்ளியா?

ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்று குழம்புகிறவர்களுக்காக. ஒரு பக்கம் விடுதியோடு கூடிய கெடுபிடியான தனியார் பள்ளி. மறுபக்கம், தலைமையாசிரியர் காலையில் வாசலில் நின்று பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அரசுப் பள்ளி.

செலவு: அங்கே விடுதியோடு சேர்த்து லட்சத்தைத் தாண்டலாம். இங்கே பெரிதாக ஒன்றுமில்லை, 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5% உள்ஒதுக்கீடு வேறு.

மார்க்: அங்கே சீக்கிரம் ஏறும். இங்கே மெதுவாகத்தான்.

சந்தேகம் கேட்பது: இதில்தான் விஷயமே. என் பெண் அங்கே படித்த ஒரு வருஷமும், பின்னம் புரியாமலே தலையாட்டிவிட்டு வந்தாள், இங்கே வந்த மூன்றாவது வாரம், "சார், கீழே இருக்கிற நம்பர் பெருசானா ஏன் சின்னதாகுது?" என்று எழுந்து கேட்டிருக்கிறாள்.

அடி: 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. ஆனாலும் பிரம்பு இரண்டு பக்கமும் இருக்கலாம், நேரில் போய்ப் பாருங்கள். அப்படியே கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றும்.

பிளஸ் டூவுக்கு ஒரே வருஷம்தான் இருக்கிறது, பிள்ளையும் அழுத்தம் தாங்கும் என்றால் முதலாவது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு, அதுவும் கூச்ச சுபாவம் என்றால், யோசிக்காமல் இரண்டாவது.