வாய்ப் புற்றுக்குப் பிந்தைய முகவீக்கம்: கைத்தடவலும் தாடைப்பட்டியும் நீண்ட நாள் பயன்பாட்டில்

முகத்து நீரை வடிக்கும் கழுத்து நிணநீர் முடிச்சுகளை எடுத்து, அதன்மேல் கரண்டும் (ரேடியேஷன் சிகிச்சை) வைத்தவர்களுக்கு வருகிற முகவீக்கம் ஆபரேஷன் வீக்கத்திலிருந்து வேறு. ஆபரேஷன் வீக்கம் வடிந்து முகம் ஓரளவு பழைய நிலைக்கு வந்திருக்கும். ரேடியேஷன் முடிந்து சில மாதம் கழித்து மோவாய்க்கு அடியில் தளர்வாகத் தொங்க ஆரம்பிக்கும். பிறகு கன்னம், உதடு, சிலருக்குக் கண்ணுக்குக் கீழே. படுக்கும்போது நீர் தேங்குவதால் காலையில் அதிகம், நிமிர்ந்து நடமாடியபின் மாலையில் குறைவு. இந்தக் காலை-மாலை வித்தியாசம் இருக்கும்வரை வீக்கம் இளக்கமாகத்தான் இருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழாமல், மாலையிலும் அதே கெட்டியாக நின்றால் உள்ளே நார்த்திசு படர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதன்பின் குறைப்பது கடினம். அதனால் இளக்கமாக இருக்கும்போதே பிசியோதெரபிஸ்டிடம் போய்விட வேண்டும்.

பலரும் முதலில் தாடைப்பட்டி வாங்குகிறார்கள். பணம் போவதும் அதில்தான், ஏமாற்றமும் அதில்தான். பட்டி மட்டும் போட்டால் நீர் இடம் மாறுமே தவிர வெளியேறாது. வழியைத் திறந்துவிடுவது கைத்தடவல்; திறந்த வழியில் இறங்கிய நீர் திரும்பி ஏறாமல் தடுப்பதுதான் பட்டியின் வேலை.

தடவலை முகத்தில் தொடங்கக் கூடாது. கழுத்து முடிச்சுகள் போய்விட்டதால் முகத்து நீர் மார்பு வழியாக அக்குளுக்குத்தான் போயாக வேண்டும். முதலில் அங்கே இடம் பண்ண வேண்டும். சாய்ந்து உட்கார்ந்து, வயிறு எழும்ப ஐந்து மூச்சு. ஒரு பக்க அக்குளில் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து மெதுவான வட்டம், பத்துப் பதினைந்து. அடுத்த பக்கமும் அப்படியே. பிறகு காறை எலும்புக்குக் கீழிருந்து அக்குளை நோக்கி மார்பின் மேல் பத்துத் தடவல். அடுத்து காறை எலும்புக்கு மேலுள்ள குழி. அதன்பின் காதுக்குக் கீழிருந்து கழுத்தின் ஓரமாக இறங்கிக் காறை எலும்பு வரை. இவ்வளவும் முடிந்தபின்தான் மோவாயின் அடிப்பகுதி, கன்னம், மேலுதடு. முகத்திலிருந்து இறக்கியதைக் கழுத்து, மார்பு, அக்குள் என்று அதே வழியில் மறுபடி கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் ஒரு சுற்று முடிந்ததாகும். நிதானமாகச் செய்தால் இருபது நிமிடம் ஆகும். காலையில் எழுந்ததும் ஒன்று, முடிந்தால் இரவில் இன்னொன்று.

அழுத்தம்தான் எல்லாரும் தவறுகிற இடம். தோல் நகர வேண்டும், அடியிலுள்ள தசை கையில் தட்டுப்படக் கூடாது. நிணநீர்க் குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகின்றன. பலமாக அழுத்தினால் அவை மூடிக்கொள்ளும். தடவிய இடம் சிவந்தால் அழுத்தம் அதிகம். எண்ணெய், கிரீம் வேண்டாம். கை வழுக்கிக்கொண்டு போகும், தோல் இழுபடாது. கரண்டு வைத்த இடத்தில் மரத்துப்போயிருப்பதால் அழுத்தம் தெரியாது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு செய்வது நல்லது. கழுத்தின் இருபுறத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்கவே கூடாது. கழுத்துத் தமனி அழுந்தி மயக்கம் வரலாம்.

மார்புத் தசையைத் திருப்பி வாய்க்குள் வைத்துத் தைத்தவர்களுக்கு (நம் ஊரில் இது சாதாரணமாக நடக்கிற ஆபரேஷன்) மேலே சொன்ன வழி அப்படியே பொருந்தாது. அந்தப் பக்க மார்பில் பெரிய தழும்பு இருக்கும். தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் தண்டு காறை எலும்பைத் தாண்டிக் கழுத்துத் தோலுக்கு அடியில் போகும். அதன்மேல் தடவலும் கூடாது, பட்டியும் கூடாது. எதிர்ப்பக்க அக்குளுக்கா, பிடரி வழியாக முதுகுப் பக்கமா என்பதைத் தழும்பைப் பார்த்துத் தெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும்.

இப்போது பட்டி. மோவாய்க்கு அடியில் போய் உச்சந்தலையில் வெல்க்ரோவில் ஒட்டுகிற வகை போதும். குறட்டைக்கென்று ஆன்லைனில் விற்கிற மெல்லிய பட்டிகள் சீக்கிரமே கயிறு போலச் சுருண்டு, மோவாயில் ஒரு கோடு போட்டு, அதற்கு மேலும் கீழும் நீரைத் தேக்கிவிடும். அகலமான பட்டியோடு உள்ளே ஒரு ஸ்பான்ஞ் வைத்தால்தான் பலன். சுமார் ஒரு செ.மீ. கனத்தில், ஒரு காதடியிலிருந்து மறு காதடி வரை வருகிற அளவு வெட்டி, ஓரங்களைச் சரிவாகச் சீவி, மெல்லிய பருத்தித் துணி உறையில் போட வேண்டும். கெட்டிப்பட்ட இடத்துக்கு, ஸ்பான்ஞைச் சிறு துண்டுகளாக நறுக்கி அதே உறையில் நிரப்பினால் மேடுபள்ளமான அழுத்தம் கெட்டியை இளக்கும். இந்தத் துண்டு ஸ்பான்ஞ் பை நன்றாக வேலை செய்கிறது.

தடவல் முடிந்த கையோடு பட்டியைப் போட்டு, முதலில் அரை மணி. தோல் தாங்கினால் மெல்ல மெல்ல இரண்டு முதல் நான்கு மணி நேரம். தூக்கத்தில் போடுவது தெரபிஸ்ட் சொன்னால் மட்டும். இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும். உதடோ கண்ணிமையோ உப்பினால், தலை கனத்தால் கழற்றிவிட வேண்டும். கழுத்தைச் சுற்றி இறுக்கும் எதுவும் ஆகாது. கழுத்தில் மூச்சுக்குழல் துளை வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டியைத் தொடவே வேண்டாம். நம் ஊர் வெயிலில் வியர்வைதான் பெரிய தொல்லை. இரண்டு மூன்று உறைகளை மாற்றி மாற்றித் துவைத்துப் போடாவிட்டால் வேர்க்குரு வந்து பட்டியையே நிறுத்த வேண்டியதாகிவிடும். வெல்க்ரோவில் நூலும் முடியும் சிக்கி மாதக்கணக்கில் பிடி விடும், எலாஸ்டிக் தளரும். இறுக்கம் போன பட்டியால் பயனில்லை.

பட்டி போட்டிருக்கும்போதே வாயைத் திறந்து மூடுவது, நாக்கை ஓரங்களுக்குக் கொண்டுபோவது, கழுத்தைத் திருப்புவது போன்ற பயிற்சிகளைச் செய்தால் தசை அசைவில் நீர் இன்னும் இறங்கும். வாய் திறக்க முடியாமல் இறுகுகிற தொல்லைக்கும் அதுவே மருந்து. இரவில் தலைப்பக்கம் சற்று உயரட்டும். தலையணைகளை அடுக்கினால் கழுத்து முன்னால் மடங்கி வழி அடைபடும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைப்பதே சரி.

தோலில் ஒட்டும் டேப் சிலருக்குக் கொஞ்சம் உதவும், ஆனால் கரண்டு வைத்த தோலில் பிய்க்கும்போது தோலோடு வரலாம். நீர்பிரியும் மாத்திரை பயன்படாது. தேங்கியிருப்பது புரதம் கலந்த நீர். வீட்டில் ஆசையாகக் கொடுக்கிற வெந்நீர் ஒத்தடம், சூடான பற்று எல்லாம் ரத்த ஓட்டத்தைக் கூட்டி வீக்கத்தை ஏற்றும். மரத்த தோல் வெந்தாலும் தெரியாது. ஷேவிங்குக்கு பிளேடு வேண்டாம், மின்சார ஷேவர்.

பலன் தெரிய அளவு டேப் வேண்டும். வாரம் ஒருமுறை, காலை ஒரே நேரத்தில், காது முன்மேட்டிலிருந்து வாய் ஓரம் வரை, தாடைக் கோணத்திலிருந்து மோவாய் நுனி வரை, கழுத்துச் சுற்றளவு என்று மூன்றையும் அளந்து எழுதினால் போதும். அளவு குறைவதற்கு முன்பே தோல் இளகும், காலை வீக்கம் வடிகிற நேரம் சுருங்கும். முதல் சில வாரத்தில் டேப்பில் மாற்றமில்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

சிவப்பு, சூடு, காய்ச்சல் வந்தால் அது தோல் தொற்றாக இருக்கலாம். தடவலையும் பட்டியையும் நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திடீர் வீக்கம், புதிய கட்டி, புதிய வலி என்றால் சர்ஜனிடம். குரல் மாறி மூச்சு இரைந்தால் அவசரப் பிரிவுக்கு. கழுத்துக்குக் கரண்டு வைத்தவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவது சகஜம், அதிலும் முகம் உப்பும். சோர்வு, எடை கூடுதல், மலச்சிக்கல் சேர்ந்திருந்தால் தடவலைக் குறை சொல்வதற்கு முன் டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுவது நல்லது. இல்லாவிட்டாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒருமுறை அந்த ரத்தப் பரிசோதனை வேண்டும்.