ஏழு பனிக்காலம் கண்ட ரோசா: கனேடியன் ஷீல்ட் வளர்த்த அனுபவம்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இப்போதைய வீட்டுக்கு நாங்கள் வந்தது 2014 வசந்தத்தில். வந்த கையோடு வாசலில் மூன்று ரோசாக் கன்றுகள் நட்டேன். மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, செம்மஞ்சள் ஒன்று. உள்ளங்கை அளவு பூ, கதவைத் திறந்தாலே மணம். அந்தக் கோடை முழுக்க அம்மாவுக்கு சாமிப் படத்துக்குப் பூ வாங்க வேண்டியே வரவில்லை.

அடுத்து வந்தது 2015 பெப்ரவரி. ரொறன்ரோவில் இருந்தவர்களுக்கு அந்த மாதக் குளிர் மறக்காது. சாக்குப் போர்த்தி, அடியில் மண் குவித்து, எல்லாம் செய்துதான் வைத்திருந்தேன். மே மாதம் பிரித்துப் பார்த்தால் இரண்டு கன்றுகள் வெறும் கறுத்த குச்சி. மஞ்சள் மட்டும் அடியிலிருந்து துளிர்த்து, நீளநீளமாகக் கொப்பு விட்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. தப்பிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்த வருடம் ஒரு பூவும் இல்லை. அதற்கடுத்த ஜூனில் பூத்தபோது மஞ்சள் இல்லை, சின்னச் சின்னதாய்க் கருஞ்சிவப்புப் பூக்கள். ஒரு தடவை பூத்ததோடு சரி.

என்ன நடந்தது என்று பிறகுதான் விளங்கியது. கடையில் விற்கும் ரோசாக்களில் நிறைய ஒட்டுக் கன்றுகள். எங்கள் ஊர் ஒட்டு மாங்கன்று போலத்தான், வேர் ஒரு சாதி, மேலே பூக்கிற கொப்பு வேறு சாதி. ஒட்டின இடம் மண்ணுக்கு மேலே இருந்தால் குளிர் முதலில் அதைத்தான் பிடிக்கும். அதற்கு மேலே இருப்பது செத்துப்போகும், கீழே இருக்கிற முரட்டு வேர் தன்னுடைய கொப்பை மேலே அனுப்பும். நாம் காசு கொடுத்து வாங்கிய ரோசா போய்விடும்.

அதனால் 2018இல் மறுபடியும் ரோசா வைக்க மனம் வந்தபோது, சொந்த வேரில் வளர்ந்த கன்றுதான் வேண்டும் என்று தேடினேன். அப்படித்தான் கனேடியன் ஷீல்ட் கண்ணில் பட்டது. நயாகராப் பக்கம் இருக்கிற வைன்லாண்ட் ஆராய்ச்சி நிலையம் 2017இல் வெளியிட்ட வகை. '49ஆவது பரலல்' என்ற வரிசையில் முதலாவது. கனடாவின் தெற்கு எல்லையாக மேற்கே ஓடுகிற அட்சக் கோட்டின் பெயர் அது. நடுகை வலயம் 3 வரைக்கும் தாங்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். வலயம் என்பது ஓர் இடத்தின் குளிரைக் காட்டும் எண், எண் குறையக் குளிர் கூடும். எங்கள் ஸ்காபரோ வலயம் 6. வலயம் 3 என்றால் மேற்குப் புல்வெளி மாகாணங்களின் குளிர். அதைத் தாங்குகிற கன்று இங்கே தாங்காதா என்பதுதான் என் கணக்கு.

இந்த ரோசாவின் முன்கதையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதைப் படித்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. ஒட்டாவாவில் மத்திய பரிசோதனைப் பண்ணையில் ஃபெலிசிட்டாஸ் ஸ்வெய்டா என்ற விஞ்ஞானி 1961இலிருந்து குளிர் தாங்கும் ரோசாக்களை உருவாக்கினார். வியன்னாவில் பிறந்து கனடாவுக்கு வந்தவர். கலப்புச் செய்த கன்றுகளை மூடாமல், போர்த்தாமல் ஒட்டாவாக் குளிரில் விட்டு, பிழைத்தவற்றை வைத்தே அடுத்த கலப்பைச் செய்தார். ஜோன் கபட், வில்லியம் பஃபின் என்று கடலோடிகளின் பெயரில் வந்த எக்ஸ்ப்ளோரர் ரோசாக்கள் அவருடையவை. மனிற்றோபாவின் மோர்டன் நகரில் ஹென்றி மார்ஷல் இன்னொரு பக்கம் பார்க்லாண்ட் ரோசாக்களை உருவாக்கினார். அரசாங்கம் அந்த வேலையை நிறுத்திய பிறகு, அந்த ரோசாக்களின் வாரிசுகளை வைத்து வைன்லாண்ட் தொடர்ந்தது. ஒரு ஜூன் மாதம் ஒட்டாவா போனபோது அந்தப் பண்ணையின் தோட்டத்தில் எக்ஸ்ப்ளோரர் ரோசாக்கள் பூத்து நின்றதைப் பார்த்தேன். எத்தனையோ பனிக்காலம் போர்வை இல்லாமல் கடந்தவை அவை. ஸ்வெய்டா அம்மையார் 2016இல் காலமானார். என் வாசலில் நிற்கிற கன்றுக்கு அவரும் ஒரு பாட்டி என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

சரி, கன்றுக்கு வருவோம்.

2018 மே மாதம், விக்டோரியா தின விடுமுறையில் இரண்டு கன்றுகள் நட்டேன். ஒன்று 35 டொலர் அளவில். எங்கள் மண் களிமண், மழை பெய்தால் பிசின், வெயில் அடித்தால் ஓடு. அதனால் இரண்டடி அகலத்துக்குக் குழி தோண்டி, எடுத்த மண்ணோடு கூட்டெருவைக் கலந்து திரும்பப் போட்டேன். ஒரு கன்று படிக்கட்டுப் பக்கம், மற்றது கார் நிறுத்துகிற பாதையோரம். இந்த இடத் தெரிவில்தான் நான் பிழை விட்டேன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வருடம் பெரிதாக ஒன்றும் இல்லை. முழங்கால் உயரம், எண்ணிப் பார்க்கக்கூடிய பூக்கள். முதல் பனிக்காலத்துக்கு நான் எதையும் போர்த்தவில்லை. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, "சாக்கையாவது போடு பிள்ளை" என்று ஒவ்வொரு நாளும் சொன்னார். போர்த்தித்தான் காப்பாற்ற வேண்டும் என்றால் இதற்கும் பழைய கன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் பிடிவாதமாக விட்டுவிட்டேன். 2019 ஜனவரி 28 அன்று பனி கொட்டியது. அதற்கு இரண்டு மூன்று நாளில் துருவக் காற்று இறங்கி, வெப்பநிலை மைனஸ் 20க்கும் கீழே போனது. பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த நுனிகள் எல்லாம் கறுத்தன. பனிக்குள்ளே புதைந்திருந்த பகுதியோ, ஏப்ரலில் கீறிப் பார்த்தால் பச்சை. நான் போடாத சாக்கைப் பனியே போட்டிருந்தது.

இதைப் படிக்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். குளிர் தாங்கும் என்றால் கொப்பு முழுக்க அப்படியே பச்சையாக நிற்கும் என்று அர்த்தம் இல்லை. என் கன்றுகள் ஏழு பனிக்காலத்திலும் கொஞ்சமாவது கொப்பை இழந்தன. நல்ல வருடத்தில் நுனி ஒரு சாண், மோசமான வருடத்தில் பாதிக்கு மேல். ஆனால் வேரிலிருந்து வருவதும் அதே ரோசா, பூப்பதும் புதுக் கொப்பில். அதனால் எவ்வளவு வெட்டவேண்டி வந்தாலும் அந்த ஜூனிலேயே பூ உண்டு. ஒட்டுக் கன்றில் கிடைக்காத நிம்மதி இது.

மிக மோசமானது 2022 கிறிஸ்மஸுக்கு முந்திய புயல். டிசம்பர் 23 காலை மழை. அன்றைக்கே எல்லாம் உறைந்து, காற்றும் சுழன்று அடித்தது. தரையில் பனி பெரிதாக இல்லை. அதற்கடுத்த வசந்தத்தில் படிக்கட்டுப் பக்கக் கன்றையே மண்ணிலிருந்து ஐந்தங்குலத்துக்கு வெட்ட வேண்டியதாயிற்று. பனி நிறைந்த மைனஸ் 22ஐ விட, பனி இல்லாத மைனஸ் 15 தான் ரோசாவுக்கு ஆபத்து என்பது என் அனுபவம். அதற்குப் பிறகு நான் ஒன்று மட்டும் செய்கிறேன். நடைபாதையில் அள்ளுகிற சுத்தமான பனியை, உப்புப் போடுவதற்கு முன்னர், கன்றின் அடியில் கொண்டுபோய்க் கொட்டுவேன்.

உப்பு என்றவுடன் பாதையோரக் கன்றின் கதை. சறுக்காமல் இருக்க நானே தூவிய உப்பு, பனியை வாரி எறியும்போது அதன் அடிக்குப் போயிருக்கிறது. மூன்றாவது வருடத்திலிருந்து இலை ஓரங்கள் கருகத் தொடங்கின. குளிர் கொல்லாததை உப்பு கொன்றுவிடும் போலிருந்தது. 2021 ஏப்ரலில் பெயர்த்துப் பின்வளவில் வேலியோரம் நட்டேன். ஒரு வருடம் சோர்ந்து கிடந்தது, இப்போது நாலடி. புதிதாக நடுகிறவர்கள் பாதையிலிருந்து குறைந்தது நாலைந்து அடி தள்ளி வையுங்கள்.

அப்புறம் முயல். 2022 ஜனவரி 17 பனிப்பொழிவுக்குப் பிறகு, உயர்ந்த பனி மேட்டில் ஏறி நின்று அவை கொப்புகளைக் கத்தியால் சரித்து வெட்டியதுபோலக் கடித்து வைத்திருந்தன. முள் அவற்றுக்கு ஒரு தடையே இல்லை. இப்போது நவம்பரில் கோழிக்கம்பி ஒரு வளையம் சுற்றிவிடுகிறேன். அதுவும் உயரமாக, ஏனென்றால் பனி ஏற முயலும் ஏறும்.

இலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கன்றின் அரைவாசிப் பெருமையைச் சொல்லவில்லை என்று அர்த்தம். ரோசாவுக்குக் கரும்புள்ளி நோய் பெரிய வில்லங்கம். ஓகஸ்ட் வந்தால் இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டி, குச்சியின் நுனியில் பூ மட்டும் நிற்கும். ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல், தோட்ட அழகுக்காகப் பல இரசாயனப் பூச்சிக்கொல்லிகளும் நோய் மருந்துகளும் அடிப்பதற்குத் தடை இருக்கிறது. ஆக, நோயைத் தாங்குகிற கன்றாகப் பார்த்து வைப்பதுதான் இங்கே வழி. ஷீல்டின் இலை தடிப்பு, பளபளப்பு. ஏழு கோடையில் ஒன்றில் மட்டும், அதுவும் நாள் தவறாமல் மழை பெய்த ஒரு ஜூலையில், அடி இலைகளில் சில புள்ளிகளைக் கண்டேன். பொறுக்கி எறிந்ததோடு போய்விட்டது. நான் இதுவரை இந்தக் கன்றுகளுக்கு எந்த மருந்தும் அடித்ததில்லை.

ஜப்பான் வண்டை மட்டும் இந்தக் கன்றாலும் தாங்க முடியாது. ஜூலை தொடக்கத்தில் வந்து மொட்டையும் பூவையும் அரித்துவிடும். மகள் காலை எழுந்தவுடன் சவர்க்காரத் தண்ணீர் வாளியோடு போய்த் தட்டி விழுத்துவாள். வெயில் ஏறுவதற்கு முன்னர் அவை மந்தமாக இருக்கும், பறக்காது. மூன்று கிழமை விடாமல் செய்தால் இரண்டாவது பூப்பைக் காப்பாற்றலாம்.

பூ ஜூன் நடுவில் தொடங்கும். கொத்துக் கொத்தாக, நல்ல சிவப்பு. முதல் பூப்பில் இலை தெரியாத அளவுக்கு இருக்கும். ஜூலைக் கடைசியில் இரண்டாவது, பிறகு ஒக்டோபர் வரைக்கும் அங்கொன்று இங்கொன்று. பூவின் அளவு பெரிதில்லை, கடையில் வாங்குகிற நீளத் தண்டு ரோசாவை எதிர்பார்த்து வாங்க வேண்டாம். சாடியில் வைத்தால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் நிற்காது.

பராமரிப்பு என்று நான் செய்வது குறைவு. பக்கத்துத் தெருவில், வசந்தத் தொடக்கத்தில் பூக்கிற ஃபோர்சித்தியா செடி மஞ்சளாகப் பூக்கிற நேரத்தில்தான் கத்தரியை எடுப்பேன், அதற்கு முன்னர் எவ்வளவு ஆசை வந்தாலும் தொடமாட்டேன். கறுத்த கொப்பை, உள்ளே வெள்ளையாகத் தெரிகிற இடம் வரை வெட்டுவேன். வருடத்துக்கு ஒரு தடவை கூட்டெரு. ஓகஸ்ட் தொடங்கினால் உரம் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பிஞ்சுக் கொப்பு வந்து முதல் உறைபனியில் கருகும். செப்டம்பருக்குப் பிறகு வாடிய பூவை வெட்டாமல் விட்டால் கன்று தானாக ஓய்வுக்குப் போகும்.

எனக்கு மனக்குறை ஒன்றே ஒன்றுதான். மணம் இல்லை. மூக்கைப் பூவுக்குள் வைத்தால் ஏதோ மெல்லியதாக வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். எனக்கே அது கொஞ்சம் வெறுமைதான். யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தில் பன்னீர் ரோசா வளர்த்த அம்மாவுக்கு எப்படி இருக்கும்? முதல் பூவைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது முகர்ந்து பார்த்துவிட்டு, "மணமில்லாத பூவை சாமிக்கு வைக்கிறேல்லை பிள்ளை" என்று மேசையில் வைத்துவிட்டார். அந்தக் கோடை முழுவதும் ஒரு பூவும் சாமியறைக்குப் போகவில்லை. குளிரையும் நோயையும் தாங்க வைத்தவர்கள் மணத்தையும் கொண்டுவந்தால், நான் எத்தனை டொலரும் கொடுப்பேன்.

அம்மாவின் மனம் மாறியது 2023இல். ஐந்தங்குலத்துக்கு வெட்டிவிட்ட அந்தக் கன்று பிழைக்காது என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஜூன் கடைசியில் அதில் பதினொரு கொத்து. ஒரு நாள் காலை நான் எழும்ப முன்னரே அம்மா கத்தரியோடு வாசலில் நின்றார். இப்போது வெயில் காலத்தில் தினமும் ஒரு கொத்து சாமிப் படத்துக்குப் போகிறது. பக்கத்தில், பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள் யன்னலோரம் வைத்துக் காப்பாற்றுகிற சாடி மல்லிகையில் இரண்டு பூ. மணத்துக்கு அது.

வருகிற மே மாதம் இதே '49ஆவது பரலல்' வரிசையில் வந்த சினூக் சன்ரைஸ் ரோசா ஒன்று வைக்கப்போகிறேன். இளஞ்செம்மஞ்சளாக விரிந்து, பிறகு வெளிறிய இளஞ்சிவப்பாகிற நிறம். இடம் பார்த்துக் குழியும் தோண்டியாயிற்று, பாதையிலிருந்து ஆறடி தள்ளி.