மனோதர்மத்தைப் பதிவு செய்ய ஒரு கையடக்கக் கருவி: சூம் எச்1என்

வேலூர் சத்துவாச்சாரியில், தேசிய நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் எங்கள் வீட்டில் பழைய அப்ரைட் பியானோ ஒன்று உண்டு. பாடம் செய்த உருப்படிகளை அதில் வாசிப்பதைவிட, ஒரு ராகத்தின் நான்கைந்து சுரங்களைப் பிடித்துக்கொண்டு கை போன வழியில், மனோதர்மமாக வாசிப்பதே எனக்கு வழக்கம். அப்படிப் பிறந்தது மறுநாள் எவ்வளவு தேடினாலும் அதே உருவில் திரும்புவதில்லை. அதைக் காப்பாற்றி வைக்கவே சூம் நிறுவனத்தின் எச்1என் என்ற கையடக்க ஒலிப்பதிவுக் கருவியை வாங்கினேன்.

அதற்கு முன் செல்பேசியில் பதிவு செய்து பார்த்தேன். அதன் தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாடு மெல்லத் தொட்ட சுரங்களை உயர்த்தி, ஓங்கி ஒலித்தவற்றை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கிவிட்டது. பியானோவின் உயிரே விரலின் அழுத்தத்தில் இருக்கும்போது அந்தப் பதிவைக் கேட்பது வேதனையாக இருந்தது. மடிக்கணினியை இணைத்தபோதோ, மென்பொருள் திறந்து மைக் தயாராவதற்குள் மனத்தில் எழுந்த சங்கதி கலைந்துபோயிற்று.

எச்1என் இந்த இடைவெளியைத்தான் குறைக்கிறது. முன்பக்கத்தில் பெரிய பதிவுப் பொத்தான் ஒன்று, மேலே ஒலியளவைத் திருகி வைக்க ஒரு வட்டக் குமிழ். வாசிக்க உட்காரும்போது வேறெதையும் தொட வேண்டியதில்லை. முன்பதிவு வசதியை இயக்கிவிட்டுக் கருவியைக் காத்திருப்பில் வைத்தால், பொத்தானை அழுத்துவதற்குச் சற்று முன் ஒலித்ததும் பதிவில் சேர்ந்துவிடும். என் தேவைக்கு இதைவிட மதிப்புள்ள வசதி இதில் வேறில்லை.

ஒன்றுக்கொன்று 90 பாகைக் கோணத்தில் அமைந்த இரண்டு மைக்குகள் இடக்கையையும் வலக்கையையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுகின்றன. கருவியைப் பியானோவின் மேல் வைக்கக் கூடாது, ஏனெனில் மரத்தின் அதிர்வு நேராக ஏறிவிடும். பியானோவின் மேல்மூடியைத் திறந்துவிட்டு, முக்காலித் தாங்கியில் (டிரைபாட்) பொருத்திய கருவியை என் வலத்தோளுக்குப் பின்னால், தலையைவிடச் சற்று உயரத்தில் நிறுத்துகிறேன். இன்னும் நெருங்கினால் சுத்தியல்களின் தட்டல் முந்திக்கொள்கிறது. விலகினால் கான்கிரீட் கூரையின் எதிரொலி மேலோங்குகிறது. தரையில் ஜமக்காளம் விரித்த பிறகு அந்த எதிரொலியும் வெகுவாக அடங்கியது. 24 பிட் பதிவில் மெல்லிய ஒலிக்கும் ஓங்கிய ஒலிக்கும் இடம் தாராளமாக இருப்பதால், மிக ஓங்கிய சுரக்கூட்டு மைனஸ் 12 டெசிபலை, அதாவது உச்ச வரம்புக்கு 12 டெசிபல் கீழான அளவை, தாண்டாதபடி குமிழை வைத்துவிட்டால் திடீரென்று எழும் வேகத்திலும் ஒலி உடைவதில்லை.

நெடுஞ்சாலை லாரிகளின் உறுமலை நீக்க, கீழ் அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டி இருக்கிறது. ஆனால் பியானோவின் கடைசிக் கீழ்க்கட்டை 27.5 ஹெர்ட்ஸ், 80 ஹெர்ட்ஸில் வெட்டினால் லாரியோடு சேர்ந்து ஏறத்தாழ ஒன்றரை ஸ்தாயி மெலிந்துவிடும். ஆகவே வடிகட்டியை அணைத்தே வைத்து, சன்னல்களைச் சாத்திக்கொள்கிறேன். மின்விசிறியையும் நிறுத்தியாக வேண்டும். வேலூரின் மே மாத வெயிலில் இது எளிய காரியமல்ல. இரண்டு சிறிய ஏஏஏ மின்கலங்களிலேயே இக்கருவி ஓடுவதால் மின்தடை நேரம் எனக்கு வாய்ப்பாகவே அமைகிறது. விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் அடங்கி, தெருவே அமைதியான ஒரு மாலையில் கல்யாணியில் வாசித்த பதினோரு நிமிடம்தான் என்னிடம் உள்ள பதிவுகளிலேயே சிறந்தது.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேரப் பதிவு சுமார் ஒரு ஜிகாபைட் ஆகும். 32 ஜிபி வரையிலான மைக்ரோ எஸ்டி அட்டையை இது ஏற்கும். ஸ்டுடியோ மைக்குகளைப் பூட்டும் எக்ஸ்எல்ஆர் துளைகள் இதில் இல்லை. இசைத்தொகுப்பாக வெளியிடும் எண்ணமுள்ளவர்கள் வேறு கருவியை நாட வேண்டும்.

2024இல் இதே வரிசையில் வந்த எச்1எசென்ஷியல், மிக மெல்லிய ஒலியையும் மிக ஓங்கிய ஒலியையும் ஒருங்கே தாங்கும் 32 பிட் ஃப்ளோட் முறையில் பதிவு செய்வதால், முன்கூட்டியே ஒலியளவு பார்த்து வைக்கும் வேலையே அதில் இல்லை. இன்று புதிதாக வாங்குவோருக்கு அதையே பரிந்துரைப்பேன். கையில் எச்1என் இருப்பவர்கள் மாற்ற வேண்டியதில்லை. நல்ல முக்காலி ஒன்று வாங்கினால் போதும்.