சீசன் முடிந்த பிறகு: பிளாக்பூலா, ஸ்கார்பரோவா?

பிரிட்டனின் கடற்கரை ஊர்களை ஆகஸ்டில் பார்ப்பதைவிடக் குளிர்காலத்தில் பார்ப்பதுதான் பிடிக்கும் என்று சொல்பவர்கள் அங்கே நிறையப் பேர். கடைகளுக்கு ஷட்டர் இறங்கியிருக்கும். மழை பக்கவாட்டில் அடிக்கும். டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். அதற்காகவே போவார்கள். எந்த ஊருக்குப் போவது என்பதில்தான் சண்டை. காலியாகக் கிடப்பதிலும் ஊருக்கு ஊர் ரகம் உண்டு.

வடமேற்குக் கரையிலுள்ள பிளாக்பூல், கூட்டத்துக்காகவே வளர்ந்த ஊர். 1846இல் ரயில் வந்தது. லங்காஷயரின் பஞ்சாலை ஊர்கள் ஆண்டுக்கு ஒரு வாரம் ஆலையை மூடுவது வழக்கம், அதுவும் ஒவ்வோர் ஊரும் வேறு வேறு வாரத்தில். ஓர் ஊர் கிளம்பியதும் அடுத்த ஊர் வந்து இறங்கும். அந்த ஜனத்துக்கு, கடலுக்குள் நீளும் நடைமேடையான பியர் (pier) ஒன்று போதாமல் மூன்று கட்டினார்கள். ஈஃபில் கோபுரத்தைப் பார்த்து 1894இல் 158 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரத்தையும் எழுப்பினார்கள். இப்போது ஆலைகளும் இல்லை, ஆலை விடுமுறையும் இல்லை. மலிவு விமானம் வந்ததும் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி ஸ்பெயினுக்குப் போய்விட்டது.

பிப்ரவரியில் அங்கே மனத்தை அழுத்துவது இந்த அளவுப் பொருத்தமின்மைதான். லட்சம் பேருக்கான கடற்கரைச் சாலையில் நாயோடு ஒருவர் நடந்துபோவார். கோபுரத்துக்கு எதிரே தரையில் நகைச்சுவைக் கலைஞர்களின் ஜோக்குகளைக் கருங்கல்லில் பதித்து, 2011இல் திறந்த ஒரு பெரிய 'கம்பளம்' இருக்கிறது. மழையில் நனைந்து கிடக்கும் அந்த ஜோக்குகளை நின்று படிக்க ஆளில்லை. பின் தெருக்களில் நுழைந்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். படுக்கையும் காலை உணவும் தந்த பழைய பி அண்ட் பி விடுதிகள் பல வாடகை அறைகளாக மாறிவிட்டன. இங்கிலாந்தின் மிக வறிய பகுதிகளைக் கணக்கெடுக்கும்போதெல்லாம் பிளாக்பூலின் பெயர் மேல்வரிசையில் வருகிறது. சோகத்தை ரசிக்கப் போகிறவர்களுக்கு அங்கே கொஞ்சம் கூச்சமாக இருக்க வேண்டும். ஆஃப் சீசன் அழகு என்று நாம் படம் எடுப்பது, அங்கே குடியிருப்பவருக்கு வேலையில்லாத மாதங்கள்.

சீசனை நீட்டிக்கவும் அவர்கள் ஓயாமல் பாடுபட்டிருக்கிறார்கள். 1879இல் கடற்கரையில் மின்விளக்கு ஏற்றிக் காட்டியதில் தொடங்கியது இலையுதிர்கால விளக்கு அலங்காரம். முன்பெல்லாம் நவம்பர் தொடக்கத்தில் அணைத்துவிடுவார்கள். 2020 முதல் அது ஜனவரி வரை நீண்டிருக்கிறது. ஆக, அசல் வெறுமை வேண்டுமென்றால் அதன் பிறகு, ஈஸ்டருக்கு முன்பு போக வேண்டும்.

ஸ்கார்பரோ வடகிழக்கில், யார்க்‌ஷயர் கரையில் இருக்கிறது. இதுவும் சுற்றுலாவில் பிழைத்த ஊர்தான். 17ஆம் நூற்றாண்டிலேயே ஊற்றுநீர் குடிக்க நோயாளிகள் வந்தார்கள். ஆனால் கோட்டை, துறைமுகம், நண்டும் சிங்கி இறாலும் பிடிக்கப் போகும் படகுகள் என்று அதற்குச் சொந்தப் பிழைப்பும் உண்டு. விருந்தாளிகள் போன பிறகு ஊர் தன் வேலையைப் பார்க்கிறது. எனக்கு இந்த வேறுபாடுதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது.

கடலும் இங்கே அதிகம் பேசுகிறது. இரண்டு விரிகுடாக்களுக்கு நடுவே கோட்டைக் குன்றைச் சுற்றிப் போகும் மரைன் டிரைவ் சாலையில், வடகடல் புயலின்போது அலை சுவரைத் தாண்டி விழும். டிக்கெட் இல்லாத அந்தக் காட்சிக்கு ஈடாக பிளாக்பூலில் எதுவும் இல்லை. (தள்ளி நின்று பாருங்கள். அந்த அலை ஆளை இழுத்துவிடும்.) 1867இல் திறந்த கிராண்ட் ஹோட்டலும் பனிமூட்டத்தில்தான் எடுப்பாகத் தெரிகிறது. பருவத்துக்கொன்றாக 4 கோபுரம், மாதத்துக்கொன்றாக 12 தளம், வாரத்துக்கொன்றாக 52 புகைபோக்கி, நாளுக்கொன்றாக 365 அறை என்ற கணக்கில் கட்டியது. ஜனவரியையும் சேர்த்துத்தானே எண்ணியிருக்கிறார்கள்!

ஈஸ்டருக்கு முன் கிறிஸ்தவர்கள் இருக்கும் லெந்து நோன்பு தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ, ஊர்க்காரர்கள் கடற்கரைச் சாலையில் நீளமான கயிறுகளைச் சுழற்றி ஸ்கிப்பிங் ஆடுவார்கள். சுற்றுலாவுக்காக இட்டுக்கட்டிய விழா அல்ல, பழைய வழக்கம். குளிரில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து குதிப்பதைப் பார்த்தால் 'காலியான ஊர்' என்ற பேச்சே எடுபடாது.

வெளிச்சத்திலும் இரண்டும் எதிரெதிர். பிளாக்பூலில் சூரியன் கடலுக்குள் இறங்கும், ஸ்கார்பரோவில் கடலிலிருந்து எழும். டிசம்பரில் விடிவதே 8 மணிக்கு மேல் என்பதால் சூரியோதயம் பார்க்க அலாரம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வேல்ஸின் லாண்டட்னோவுக்கும் ரசிகர்கள் உண்டு. வெளிர்நிற ஹோட்டல்களின் வளைந்த வரிசை, 1877இல் திறந்த நீண்ட பியர், எல்லாம் வெகு மரியாதை. நவம்பரிலேயே கிறிஸ்துமஸ் கொண்டாடும் 'டர்க்கி அண்ட் டின்சல்' பயணங்களில் ஓய்வுபெற்றவர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். அதனால் அங்கே வெறுமை இல்லை, அமைதிதான். 1902 முதல் ஓடும் மலை டிராமும் குளிர்காலத்தில் ஓடாது. மலையிலிருந்து காஷ்மீர் ஆடுகள் மட்டும் சில சமயம் ஊருக்குள் இறங்கும். 2020 பொதுமுடக்கத்தில் தெருக்களில் சுற்றி உலகச் செய்தியானவை இவைதான். பெற்றோரை அழைத்துப் போவதென்றால் இங்கே போகலாம்.

தென்கிழக்குக் கரையிலுள்ள மார்கேட்டை நான் இந்தப் போட்டியில் சேர்ப்பதில்லை. 2011இல் டர்னர் கன்டெம்பரரி கலைக்கூடம் வந்த பிறகு லண்டன்வாசிகள் குளிர்காலத்திலும் வருகிறார்கள், நல்ல காபி கிடைக்கிறது, ஊர் முழுவதுமாக மூடுவதே இல்லை. வானம் அருமை, ஓவியர் டர்னர் மயங்கியதில் தப்பில்லை. லண்டனிலிருந்து காலையில் போய் இரவுக்குள் திரும்பலாம்.

ஸ்கார்பரோவுக்கு லண்டன் கிங்ஸ் கிராஸில் ஏறி யார்க்கில் ரயில் மாற வேண்டும், ஓர் இரவாவது தங்கினால்தான் காலை வெளிச்சம் கிடைக்கும். பிளாக்பூலுக்குப் போவதென்றால் கோபுரத்துக்குள் இருக்கும் நடன அரங்கம் திறந்திருக்கும் நாளாகப் பாருங்கள். வெளியே காற்று ஊளையிட, உள்ளே வுர்லிட்சர் ஆர்கன் இசைக்கு வயதான ஜோடிகள் ஆடிக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு பிற்பகலுக்கு மட்டும் பிளாக்பூலை முன்னால் வைப்பேன்.